ஃபெலியின் தோளில் ஒரு கை

திங்கட்கிழமை காலை, பூண்டுச் சோறும் கருவாடும் மேசைக்கு வந்து ஆவி பறக்கிற நேரத்தில், கோபித்துக்கொள்வது என்று கிளெத்தோ முடிவு செய்தார்.

கத்துகிற கோபத்தை யார் வேண்டுமானாலும் படலாம். தொண்டை இருந்தால் போதும். மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் லிபாவில் அதைவிட உசத்தியான கோபம் ஒன்று உண்டு. தம்போ என்பார்கள். தம்போ பிடித்தவர் வாயைத் திறக்க மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார். வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடித்து, பக்கத்தில் வந்து, தாஜா பண்ணிக் கூப்பிட வேண்டும். கிளெத்தோவின் தெருவில் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதல் தடவை கூப்பிட்டால் திரும்பக் கூடாது. இரண்டாவது தடவைக்கு ஒரு பெருமூச்சு விடலாம். மூன்றாவது தடவை கூப்பிட்டால் எழுந்து போய்விட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் அதற்குப் பெயர் திமிர்.

கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் கிளெத்தோ தோற்ற தம்போ ஒன்றுகூடக் கிடையாது. மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில்கூட அவருக்கு இவ்வளவு பெயர் கிடைத்ததில்லை. கோழிக் காலை மச்சினனுக்கு வைத்ததற்காக ஒரு தம்போ. புதுச் சட்டையைப் பார்த்து, "இது பழசுதானே?" என்று மனைவி ஃபெலி கேட்டதற்காக ஒரு தம்போ. எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். ஃபெலி வருவாள். மூன்று தடவை கூப்பிடுவாள். மாட்டு எலும்பை மணிக்கணக்கில் வேகவைத்த புலாலோ சூப் மேசையில் இருக்கும். அவர் பெரிய மனது பண்ணி, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சுவார்.

ஆனால் இந்தத் தம்போ சூப்புக்காக இல்லை. சனிக்கிழமை நடுப்பகலில் ஃபெலி டிவியில் வரக் கூடாது. அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு சாவு வீட்டில் ஆரம்பித்தது.

ஃபெலியின் சினேகிதி தோயாங் இரண்டு மாதத்துக்கு முன் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தாள். பெட்டிக்கு மேலே வைக்க ஒரு படம் தேடினார்கள். பிள்ளைகள் படம் இருந்தது, பேரப்பிள்ளைகள் படம் இருந்தது, நாய்க்குட்டி படம்கூட நாலு இருந்தது. தோயாங் படம் மட்டும் இல்லை. கடைசியில் ஏதோ திருவிழாவில் கும்பலாக எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். அவளை வெட்ட முடிந்தது. அவள் தோளில் இருந்த கையை வெட்ட முடியவில்லை. யாரோ ஒருவருடைய கை, மோதிரத்தோடு. ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வந்தவர்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, அந்தக் கை யாருடையது என்றுதான் பேசினார்கள்.

ஃபெலி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முப்பது வருடம் சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தியவள். சூப்புப் பானையின் ஆவிக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது என்று பல பேருக்குக் குரலை வைத்துத்தான் தெரியும். ஞானஸ்நானம், பட்டமளிப்பு, கல்யாணம் என்று எந்தப் படத்தை எடுத்தாலும் அவள் அதில் இருக்க மாட்டாள். ஒன்று அடுப்படியில் இருப்பாள், இல்லையென்றால் படம் எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஜெபம் முடிந்த மறு வாரம் ஃபெலி சிவப்பில் ஒரு கவுன் தைத்துக்கொண்டாள். தோளில் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி கை வைத்தது. உதட்டுக்கும் அதே சிவப்பு. தலைக்குச் சாயம் போடவில்லை. வெள்ளியாய் வெளுத்திருந்த முடியை அப்படியே அவிழ்த்து விட்டு, ஜீப் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தாள். படம் பிடித்தவர் அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அவளைக் கேட்டுக்கொண்டு, கடைக் கண்ணாடியில் வைத்துவிட்டார்.

கிளெத்தோ அதைப் பார்த்தது ஜீப் ஏறப் போன இடத்தில்தான். டிரைவர் ஒருவன் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவரைக் கண்டதும் மரியாதைக்கு 'மாங்' போட்டுக் கேட்டான்.

"மாங் கிளெத்தோ, அது யாரு, மணிலா நடிகையா?"

"என் பெண்டாட்டிப்பா."

டிரைவர் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பெரியவர் நல்ல ஜோக்கு சொன்னார் என்று மனசாரச் சிரித்த சிரிப்பு. இறங்கும் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கிளெத்தோவின் உள்ளே போய் எங்கேயோ மாட்டிக்கொண்டு, முள் மாதிரி இருந்தது.

பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள். ஊர் ஊராகப் போய் நடுப்பகலில் நேரடியாகக் காட்டும் நிகழ்ச்சி. அதில் ஐம்பது தாண்டிய பெண்கள் அலங்கரித்துக்கொண்டு நடந்து வந்து நாலு வார்த்தை பேசும் பகுதி ஒன்று. லிபாவுக்கு ஆள் தேடி வந்தவர்கள் ஸ்டுடியோக் கண்ணாடியைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை.

"ஃபெலி, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

"எந்த வயசுல?"

"ஐம்பத்தேழுல."

"இருபத்தேழுல கேட்டிருந்தா அப்பவே போயிருப்பேன். யாரும் கேக்கல. நீயும் கேக்கல."

"ஊரே பாக்கும்."

"அதுக்குத்தான போறேன்."

"அடக்கமா இருக்கணும் ஃபெலி. மாதாவைப் பாரு, முக்காடு போட்டுட்டுத்தான் நிக்கிறாங்க."

"மே மாசம் அவங்களுக்குக் கிரீடம் வச்சு, பூவா கொட்டி, லைட்டு போட்டு, தெருத் தெருவா ஊர்வலம் கூட்டிட்டுப் போறோமே. வேண்டாம்னா சொன்னாங்க?"

"அவங்க மாதா."

"நான் அவங்க மக."

இதற்கு மேல் கிளெத்தோவிடம் வார்த்தை இல்லை. வார்த்தை தீர்ந்த இடத்தில்தானே தம்போ தொடங்குகிறது. அவர் கணக்கு சுலபமான கணக்கு. தம்போ பிடித்த கணவனைப் பாதியில் விட்டுவிட்டு ஃபெலி ஒருநாளும் வெளியே போனதில்லை. சொந்தத் தங்கை வீட்டு விருந்துக்கே ஒரு தடவை போகாமல் நின்றாள். ஆக, சனிக்கிழமை வரை பிடியை விடாமல் இருந்தால் போதும்.

"கிளெத்தோ, சோறு ஆறுது," என்றாள் ஃபெலி.

ஒன்று. அவர் திரும்பவில்லை. கொல்லைக்குப் போய்த் தன் சண்டைச் சேவலைத் தடவிக் கொடுத்தார். தம்போ நாட்களில் அவர் பேசுவது அந்தச் சேவலோடு மட்டும்தான். உள்ளே எட்டிப் பார்த்தபோது ஃபெலி தன் சோற்றை முடித்துவிட்டு அவருடைய கருவாட்டுக்கு வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கொல்லைக்கே வந்து தோளைத் தொட்டாள்.

"வா, சாப்பிடு."

இரண்டு. கிளெத்தோ பெருமூச்சு விட்டார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஊரை ஒரு சுற்று சுற்றி வந்த மாதிரி ஒரு மூச்சு. சேவல்கூடத் திரும்பிப் பார்த்தது.

"பரவால்ல, நெஞ்சுச் சளி போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு ஃபெலி உள்ளே போனாள்.

புதன்கிழமை அவள் கூப்பிடவில்லை. கிளெத்தோ நடையில் உட்கார்ந்தார். கொல்லையில் உட்கார்ந்தார். அவள் போகிற வழியிலெல்லாம் உட்கார்ந்தார். அவள் அவரைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினாள். கண்ணாடி முன்னால் குதிகால் செருப்போடு நடந்து பழகினாள். வாயில் ஜெபமாலை, காலில் குதிகால். ஒரு மணி தப்பவில்லை, ஓர் அடி பிசகவில்லை.

வியாழக்கிழமை கிளெத்தோ கடைசி ஆயுதத்தை எடுத்தார். வீட்டை விட்டுப் போவது. போய்விட்டவரைக் கூப்பிட நேரில் வர வேண்டும். அதுவும் முறைதான். சத்தம் வரும்படியாக அலமாரியைத் திறந்தார்.

"பை கட்டிலுக்கு அடியில இருக்கு," என்றாள் ஃபெலி சமையலறையிலிருந்து.

இருந்தது. நிரம்பியும் இருந்தது. பல் துலக்கும் பிரஷ், பனியன், தலைச்சாயப் பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், அன்னாசி நாரில் நெய்து பூவேலை செய்த பாரோங் சட்டை. கல்யாணத்துக்கும், கவர்னர் வந்தாலும் மட்டும் போடுகிறது. மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

கோபித்துக்கொண்டு போகிறவனுக்குப் பாரோங் எதற்கு? கேட்கலாம் என்றால் தம்போவில் பேசக் கூடாது. வாசலில் ஒரு நிமிடம் நின்று யோசித்தார். ரொம்ப நாள் திரும்ப மாட்டேன் என்று பயந்து, நல்லது பொல்லாததுக்கு ஆகும் என்று வைத்திருக்கிறாள், பாவம். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தெருவில் இறங்கினார்.

இரண்டு தெரு தள்ளி தொமெங்கின் வீடு. தொமெங் கிளெத்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்; தொமெங்கின் மனைவி மாரே. வந்தவரைத் தொமெங் பையோடு சேர்த்துப் பார்த்தார்.

"என்ன பாரே, தம்போவா?"

"ஆமா."

"எத்தனை தடவை கூப்பிட்டா?"

"ரெண்டு."

"அப்ப ஒண்ணு பாக்கி."

"வருவா பாரே. வராம டிவிக்குப் போயிடுவாளா?"

தொமெங்கின் மனைவி புரிங் மூன்றாவது தட்டை மேசையில் வைத்தாள். கேட்காமலே வைத்தாள். அதையும் கிளெத்தோ கவனித்திருக்கலாம். பசியில் கவனிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க," என்றாள் புரிங். "அவ டிவில வந்தா உங்களுக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா?"

"சோத்தை முழுங்கிட்டே பேசுங்க."

கிளெத்தோ முழுங்கினார்.  "அந்த ஜீப் டிரைவர் சிரிச்சான், மாரே."

"என்னன்னு?"

"அது என் பெண்டாட்டின்னு சொன்னேன். சிரிச்சான்."

புரிங் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"அவ பக்கத்துல நீங்க நின்னா ஊர் சிரிக்கும். அதனால அவ நிக்கவே வேண்டாம். அப்படியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்கதான் எதுவுமே சொல்றதில்லையே. தம்போல இருக்கீங்களே."

வெள்ளிக்கிழமை முழுக்க டிரைசைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிளெத்தோ ஜன்னலுக்குப் போனார். தண்ணீர்க் கேன் வந்தது. ரொட்டிக்காரன் வந்தான். ஃபெலி வரவில்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு, இதுவரை நினைத்துப் பார்க்காத ஒன்றை நினைத்துப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடமாகக் கூப்பிட வந்தவள், வரும் வழியில் ஒவ்வொரு தடவையும் என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பாள்?

விடிந்தது. சனிக்கிழமை. இனி வந்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வரும்போது தான் நன்றாக இருக்க வேண்டாமா? நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் சாயப் பெட்டியைத் திறந்து, கையுறை இல்லாததால் வெறும் விரலாலேயே தலை முழுக்க அப்பிக்கொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி ஊற உட்கார்ந்தார்.

புரிங் காலையிலேயே கோயிலுக்குப் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலுக்குப் போய்விட்டாள். அங்கேதான் மேடை. தொமெங் முழங்கால் வலி என்று வீட்டிலேயே தங்கி டிவியைப் போட்டார்.

பாட்டு முடிந்தது. விளக்கு வந்தது. ஃபெலி வந்தாள்.

கிளெத்தோ அவளை ஸ்டுடியோக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அது நின்ற படம். இது நடந்தது. சிவப்புக் கவுன், வெள்ளி முடி, நிமிர்ந்த கழுத்து. கடையில் இரண்டு கையிலும் தட்டு அடுக்கிக்கொண்டு, யார் மேலும் இடிக்காமல் மேசைகளுக்கு நடுவே வருவாளே, அதே நடைதான். அப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஐம்பத்தேழு வயசுல இந்த தைரியம் எப்படிம்மா வந்துச்சு?" என்று நிகழ்ச்சி நடத்துகிற பெண் கேட்டாள்.

ஃபெலி மைக்கை வாங்கிக்கொண்டாள்.  

"என் சினேகிதி செத்துப்போனப்ப பெட்டி மேல வைக்க ஒரு படம் இல்ல. வேற யாரோ கையோட சேத்துத்தான் வச்சாங்க. அவ அழகு. அது அவளுக்கே தெரியாது. யாரும் சொல்லல, யாரும் நிறுத்தி ஒரு படம் எடுக்கல. செத்தப்புறம் நம்மள ஃபிரேம் போடத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி, மூச்சு இருக்கறப்பவே ஒரு தடவை ஃபிரேமுக்குள்ள வந்துடலாம்னு வந்தேன். இந்த முகத்தைக் கடவுள் பானைக்குப் பின்னால வைக்கறதுக்குன்னு மட்டும் குடுத்திருக்க மாட்டார்."

திடலில் எல்லோரும் கை தட்டினார்கள்.  பெண்கள்தான் முதலில் தட்டினார்கள்.

"வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"இல்ல. தம்போ."

திடலே குலுங்கியது. தொமெங் வீட்டுக்கு அந்தச் சிரிப்பு நேராகவும் வந்தது, டிவி வழியாகவும் வந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"ரெண்டு. மூணாவதைக் கைல வச்சிருக்கேன்." ஃபெலி கேமராவைப் பார்த்தாள். கிளெத்தோவுக்கு, நேரே தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. "கிளெத்தோ, வா. சாப்பிட இல்ல, பாக்க வா. நீ கோவிச்சுக்கிட்டப்ப எல்லாம் நான்தான் வந்தேன். இன்னைக்கு ஒரு தடவை நீ வா."

மூன்று. ஊருக்கு முன்னால் மூன்று. இனி உட்கார்ந்திருந்தால் திமிர்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காரர் ஒரே தாவலில் போய்த் திறந்தார். அதே சமயம் டிவியில் ஃபெலி மறைந்து ஒரு கிழவர் வந்தார். கழுத்தில் துண்டு. தலை முழுக்கக் கறுப்புக் களிம்பு. நெற்றி வழியாக ஒரு கோடு மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ பாவம், இந்தக் கோலத்தில் டிவியில் காட்டுகிறார்களே என்று கிளெத்தோ பரிதாபப்பட்டார். பரிதாபப்பட்டுத் தலையை ஆட்டினார். டிவியில் இருந்தவரும் ஆட்டினார்.

தொமெங் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு வாளி ஊற்றினார். பாரோங் தயாராகத்தான் இருந்தது. கைப் பொத்தான்கூட மாட்டி இருந்தது. கேமரா பின்னால் ஓடி வர, திடல் வரைக்கும் கிளெத்தோ ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியெல்லாம் கை தட்டினார்கள். காதுக்குப் பின்னால் சாயம் வழிந்துகொண்டே வந்தது.

மேடையில் ஏறி ஃபெலியின் பக்கத்தில் நின்றதும், கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. அவர் எதிர்பார்த்துப் பயந்த அதே சிரிப்பு. ஆனால் ஃபெலியும் அதில் சேர்ந்து, அவர் பக்கம் சாய்ந்து சிரித்ததால், அதில் முள் இல்லை.

"நல்லாருக்க," என்றார் அவர். கல்யாணத்தன்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது.

"மைக்ல சொல்லு," என்றாள் அவள்.

மைக்கில் சொன்னார். பிறகுதான் கையை அவள் தோளில் வைத்தார். ஸ்டுடியோக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்.

திரும்பி வரும்போது டிரைசைக்கிளில் குதிகால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள் ஃபெலி.

"இந்தச் சட்டையை எப்ப இஸ்திரி போட்ட?" என்று கேட்டார் கிளெத்தோ.

"போன வாரம் வெள்ளிக்கிழமை."

"நான் திங்கட்கிழமைதான ஆரம்பிச்சேன்?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுல புலாலோ. அதை விட்டுட்டு ஆரம்பிக்க மாட்டேன்னு தெரியும்."

கிளெத்தோ விரலை மடக்கி நாட்களை எண்ணிப் பார்த்தார்.

"தொமெங் வீட்டுக்குப் போவேன்னு?"

"வேற எங்க போவ? டிவிக்காரங்ககிட்ட அந்த விலாசத்தைத்தான் குடுத்தேன். புரிங்கிட்ட உனக்கும் சேத்து உலை வைக்கச் சொன்னேன்."

இதற்காக ஒரு தம்போ போடலாமா என்று கிளெத்தோ யோசித்தார். உரிமை இருந்தது. காரணமும் இருந்தது. ஆனால் வீட்டு வாசலிலேயே எலும்புச் சூப்பு வாசனை வந்துவிட்டது. அவளுக்கும் சேர்த்து அவரே கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வைத்தார். அது அந்த வீட்டில் புதுசு.

மறு வாரம் ஜீப் நிறுத்தத்தில் அதே டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கியே வந்தான்.

"மாங் கிளெத்தோ, மன்னிச்சுக்குங்க. நிஜமாவே உங்க சம்சாரம்தான். புதுப் படம் வச்சிருக்காங்க, பாத்தீங்களா?"

கிளெத்தோ வீட்டுக்கு ஓடிப்போய் ஃபெலியைக் கையோடு கூட்டி வந்தார். போகும் வழியில் சீப்பை எடுத்து இரண்டு தடவை தலை வாரிக்கொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் படம் முன்னதைவிடப் பெரிதாக இருந்தது. சிவப்புக் கவுன், வெள்ளி முடி, கண் இடுங்கிய சிரிப்பு. ஃபெலி அதில் ராணி மாதிரி நின்றிருந்தாள். வழிந்த சாயம் படத்தைக் கெடுத்துவிட்டது என்று ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் இருந்த பாகத்தை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார். முழுக்க வெட்ட முடியவில்லை. அவள் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

கிளெத்தோ அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் இரண்டு முறை தேடினார்.

"ஃபெலி, நான் எங்க?"

ஃபெலி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, பொறுமையாகப் பார்த்தாள்.

"இதோ இருக்கியே," என்றாள். "நகத்தை மட்டும் தேச்சுக் கழுவியிருக்கலாம்."